சித்தூருக்குப் போன மூன்று கைப்பிடிக் குடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பயணம் பற்றி எழுதுகிறவர்கள் கடல் தாண்டிப் போய்வந்து எழுதுகிறார்கள். நான் போனது நாகலாபுரத்திலிருந்து திருப்பதி, அங்கிருந்து சித்தூர். எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது கிலோமீட்டர் இருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்கள் கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் போய்வருகிற வழிதான் அது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நாகலாபுரத்தில் திருப்பதி பஸ் ஏறினேன். மடியில் ஒரு பச்சைக் குடம் இருந்தது. பச்சை என்றால் நிறம் இல்லை, இன்னும் சுடாதது. காய்ந்த களிமண். விரல் அழுத்தினால் உடையும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கரையும். ஒன்றேகால் அடி உயரம். பக்கத்துக்கு ஒன்றாகத் தூக்குவதற்கு இரண்டு கைப்பிடி, ஊற்றுவதற்குப் பின்னால் ஒன்று. துணியில் சுற்றாமல் கொண்டுபோக முடியாது. வீட்டில் இருந்ததில் மெத்தென்றிருந்தது என் வீட்டுக்காரரின் பழைய வெள்ளை வேட்டி. அதில் சுற்றி, வாயின் மேல் முடிச்சுப் போட்டிருந்தேன்.

அந்தக் குடம் எதற்கு என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைக் கிளப்புகிறேன்.

சரோஜா பதினைந்து வருஷம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அப்போது எங்கள் தெருவுக்குக் குழாய் கிடையாது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு ஓடுவோம். ஆளுக்கு இரண்டு குடம், தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அதை நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். முதுகு போன காலம் அது. என் பெயர் ரெபெக்கா. வேதாகமத்து ரெபெக்காள் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியதால் அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எனக்குக் கழுத்து வலிதான் வந்தது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் பாஸ்டர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தோம். சரோஜா எங்கள் சபை இல்லை. எனக்குத் துணையாக வந்தாள். அலமாரியை நகர்த்தும்போது பவுல் அப்போஸ்தலர் போன ஊர்களைப் பற்றிய ஒரு இங்கிலீஷ் படப்புத்தகம் கீழே விழுந்து திறந்துகொண்டது. அதில் கிரேக்க தேசத்துக் குடம் ஒன்றின் படம். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தையது. செம்மண் நிறத்தில் குடம், அதன்மேல் கறுப்பாகப் பெண்கள். சுவரில் ஒரு சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி தலையில் குடம் படுத்திருக்கிறது, இன்னொருத்தி தலையில் நேராக நிற்கிறது.

சரோஜா சுண்ணாம்புக் கையோடு எட்டிப் பார்த்து, "இவ இன்னும் புடிக்கல. காலிக் கொடம், அதான் படுக்க வெச்சிக்கினு போறா. அவ புடிச்சிட்டா" என்றாள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது அவளுக்கு. நான் குனிந்து மறுபடி பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

அதற்கப்புறம் சரோஜா சித்தூருக்குக் குடிபோய்விட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே மாங்கூழ் பாக்டரியில் வேலை. நான் சத்தியவேடு ரோட்டில் பூந்தொட்டி செய்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். சக்கரம் பழகியதும் வேலை முடிந்து அந்தப் படத்தைப்போலச் செய்துபார்க்க ஆரம்பித்தேன். சிங்கத்துக்குப் பதில் தண்ணீர் லாரியின் பின்பக்கமும் ரப்பர் குழாயும். படத்துக் குடத்தின் அடியில் சுற்றிவந்த ஓலை வரிசைக்குப் பதில் மாவிலை. அந்தப் படத்தில் பெண்களின் முகத்துக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். நான் பூசவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிறம் பொருந்தாது.

போன மாதம் சரோஜா போன் செய்தாள். முதுகெலும்பில் தட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது, இடது கால் மரத்துவிட்டது, இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை ஆபரேஷன், நடப்பது பற்றி உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர், இனி ஜென்மத்துக்கும் குடம் தூக்கக் கூடாதாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். கடைசியில் குரல் மாறிவிட்டது.

"ரெபே, அந்தப் புத்தகத்துப் பொம்பளைங்க மாரி என்னியும் ஒரு பானையில நிக்க வெச்சிடு. வெளிய வரும்போது நிக்கிறனோ இல்லியோ. உள்ள இட்டுனு போறதுக்கு முன்னாடி நான் அத்தப் பாத்துடணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். குடத்தின் ஒரு பக்கம் அவளையும் மறுபக்கம் என்னையும் வரைந்தேன். அதனால்தான் இந்தப் பஸ்.

கண்டக்டர் வந்தார். ஆதார் அட்டையைக் காட்டினேன். எங்கள் மாநிலத்தில் இப்போது பெண்களுக்கு இந்தப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. சைபர் போட்ட சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். சீட்டைக் கொடுத்தவர் என் மடியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏமம்மா, அஸ்தியா?"

எங்கள் பக்கத்தில் இறந்தவர் சாம்பலை மண்கலயத்தில் போட்டு, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, இப்படித்தான் மடியில் வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் புதைக்கிறவர்கள். அதனால் துணி சுற்றும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன் இருக்கை, பின் இருக்கை எல்லாம் என்னையே பார்த்தது.

"ஊட்டுக்காரரா?"

என் கழுத்து தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்றுதான் ஆடியது.

"அய்யோ பாபம்" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கத்தில் இருந்தவரை எழுப்பி வேறிடம் அனுப்பினார்.

பிச்சாட்டூரில் ஒரு பூக்காரம்மா ஏறினாள். கூடையில் மல்லிகைச் சரம், மேலே ஈரத் துணி. இடம் காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தவளிடம் கண்டக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் என் முழங்காலில் கைவைத்தாள்.

"அழுதுடும்மா. அடக்கி வெச்சா நெஞ்ச அடச்சிக்கும். எங்க ஊட்டு ஆளு போயி ஆறு வருசம். குடிச்சிக் குடிச்சே போனான். கொண்டாந்து ஆத்துல உட்டா, அந்தக் கலயம் நேராப் போவுதா? சுத்திக்கினே கெடந்துச்சி. ஆளு உசுரோட இருக்கும்போதும் அப்பிடித்தான், ஊடு வந்து சேர மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. திரையில் 'வீட்டுக்காரர்' என்று பெயர். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட அவர் போட்டோ. போனைக் கவிழ்த்துத் தொடைக்கடியில் வைத்தேன்.

"யாருன்னு பாரும்மா. சொந்தக்காரங்களா இருப்பாங்க. சொல்லி அழுதா பாரம் கொறையும்."

மறுபடியும் அடித்தது. அணைத்துவிட்டேன்.

நாராயணவனம் தாண்டிப் புத்தூர் வந்ததும் அவள் எழுந்தாள். இறங்குமுன் கூடையிலிருந்து முழம் போடாமல் ஒரு சரத்தை உருவி, என் குடத்தின் கழுத்தில் சுற்றினாள். "மகராசனா போவட்டும்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். சரம் முழுக்க ஈரம். தண்ணீர் வேட்டிக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதாவது எடுத்திருக்கலாம். பஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது புருஷன் மேலிருந்து பூவை எப்படி எடுப்பது? பஸ் நகர்ந்து, வடமாலைப்பேட்டை தாண்டி, எல்லோரும் என்னை மறந்தபின் எடுத்தேன்.

எட்டரைக்குத் திருப்பதி. பஸ் ஸ்டாண்டில் எப்போதும்போல மொட்டைத் தலைகள், சந்தனம், மலைக்குப் போகிற பஸ்களின் வரிசை. எத்தனையோ முறை இந்த ஊருக்கு வந்திருக்கிறேன். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நடக்கிற ஊரில் நான் எப்போதும் காலடியைப் பார்த்துக்கொண்டு ஏதாவது சுமந்திருப்பேன். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய் கொடுத்துக் கரகம்பாடி ரோட்டில் வாசுவின் கொட்டகைக்குப் போனேன்.

வாசு ஓட்டல்களுக்குச் சட்டி, கோப்பை செய்து கொடுக்கிறவர். கேஸ் சூளை வைத்திருக்கிறார். ஒருமுறை சுட அறுநூறு ரூபாய். எங்கள் தொட்டிக் கொட்டகைச் சூளையில் கறுப்பு வராது. அந்தக் கறுப்பு சாயம் இல்லை. அதே களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கனமானது அடியில் தங்கியபின் மேலே நிற்கும் மெல்லிய குழம்பை மட்டும் எடுத்து, சுண்டவைத்துப் பூசுவது. சூளையில் முதலில் காற்று விட வேண்டும், பிறகு அடைத்துப் புகை ஏற்ற வேண்டும், பிறகு மறுபடி காற்று. புகையில் குடம் முழுவதும் கறுக்கும். கடைசிக் காற்றில் மண் மட்டும் மறுபடி சிவக்கும். குழம்பு பூசிய இடம் கறுப்பாகவே நின்றுவிடும். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. நின்றுவிடும் என்று எழுதுவது எளிது. அதற்குமுன் ஏழு குடம் பாழாயிற்று.

வேட்டியைப் பிரித்தோம். சரோஜா இருந்த பக்கம் அப்படியே இருந்தது. நான் இருந்த பக்கத்தில் மல்லிகைத் தண்ணீர் இறங்கி, குழம்பு கலைந்து, காம்பஸ் முள்ளால் கீறியிருந்த கண், மூக்கு, புடவை மடிப்பு எல்லாம் சேறாகியிருந்தது. தலைமேல் இருந்த குடம் மட்டும் தப்பியிருந்தது.

"அக்கா, நீங்க அழிஞ்சிட்டீங்களே" என்றார் வாசு.

"மறுபடி பூசலாமா?"

"ஈரம் ஊறிப் போயிருக்குது. கை வெச்சா அந்தப் பக்கமே புட்டுக்கும். காய வெச்சி நிதானமா செய்யலாம், ரெண்டு நாள் ஆவும்."

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அப்படியே சுடச் சொன்னேன்.

பிறகுதான் போனைத் திறந்தேன். வீட்டுக்காரர் எடுத்தார்.

"ஏன் எடுக்கல?"

"பஸ்ல சத்தம். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இன்னாடி புதுசா கேக்குற? காலையிலதானே பாத்துட்டுப் போன?"

"சும்மாதான்."

"தோசை மாவு புளிச்சிப் போச்சி, அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்" என்று வைத்துவிட்டார்.

பகல் முழுவதும் சூளைக்கு எதிரில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். தொள்ளாயிரம் டிகிரி காட்டியதும் வாசு புகைபோக்கியை அடைத்து, துவாரத்தில் ஈரச் சவுக்குக் கட்டைகளைச் செருகினார். கண் எரிந்தது. இரண்டு முறை தூங்கி விழுந்தேன். சாயங்காலம் மறுபடி காற்று விட்டுச் சூளையை அணைத்தார். அவர் மனைவி தன் வீட்டில் எனக்குப் பாய் போட்டார். முதுகு தரையில் பட்டதுதான் தெரியும்.

வியாழக்கிழமை காலையிலிருந்து ஒரே வேலை, காத்திருப்பது. சித்தூர் ஆஸ்பத்திரி வார்டில் பார்வையாளர்களை ஆறு மணி வரைதான் விடுவார்கள். பதினோரு மணிக்கு, "கொஞ்சம் திறக்கலாமா?" என்று கேட்டேன்.

"இப்பத் தொறந்தா படார்னு உட்டுடும். உங்க பிரெண்டுக்கு ஓட்டுத் துண்டு கொண்டுபோறீங்களா?"

ஒரு மணிக்குத் திறந்தார். துணியைப் பிடித்து நானே வெளியே எடுத்தேன். இன்னும் சூடு இருந்தது. சரோஜா வந்திருந்தாள். மினுமினுவென்று கறுப்பு; இடுப்புக் குடம், தலைக் குடம், ஒவ்வொரு வளையலும் தெரிந்தது. குடத்தைத் திருப்பினேன். சிவப்பு மண்ணில் லேசாகப் பழுப்பு நிழல். அதற்குமேல் அந்தரத்தில் ஒரு கறுப்புக் குடம். அதன் கீழே நான் இல்லை.

வருத்தப்படக்கூட அலுப்பாக இருந்தது. அவள் வந்துவிட்டாள், அது போதும்.

இரண்டே காலுக்குச் சித்தூர் பஸ். சுற்றுவதற்கு வேறு துணி இல்லாததால் அதே வேட்டி, அதே முடிச்சு. இந்த முறை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை. மூன்று பேர் இருக்கையில் தனியாகக் கால் நீட்டிக்கொண்டு வந்தேன். சந்திரகிரிக் கோட்டை தெரிந்தது. அதற்கப்புறம் கண் விழித்தபோது காணிப்பாக்கம் திரும்புகிற ரோடு. எழுபது கிலோமீட்டரில் ஐம்பதைத் தூங்கிக் கழித்திருக்கிறேன். அந்த வழியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நாலரைக்கு ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டு இரண்டாவது மாடி. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் சரோஜாவின் நாத்தனார் பச்சையம்மா. என்னைப் பார்த்து எழுந்தவள், குடத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்தாள்.

"நில்லு! இன்னாது அது? நாளிக்கி ஆபரேசன வெச்சிக்கினு சாம்பல் கலயத்தத் தூக்கிக்கினு வந்துக்கிற?"

அவசரமாக முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

"தொறந்து காட்னா ஆச்சா? காலிக் கொடம்! அதுலயும் கறுப்புக் கறுப்பா பேயாட்டம். உங்க சபையில வேணும்னா செல்லும். எங்க ஊட்டுப் பொண்ணுகிட்ட இது போவாது."

சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் கேட்டது.

"யாரு அண்ணி? ரெபேவா?"

"யாருமில்ல, நீ படு."

இது சரோஜா கேட்டது, அவள்தான் இதில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். நெஞ்சுக்குள் முழு வாக்கியமாக இருந்தது. நாக்கு எழவில்லை. பஸ்ஸில் ஆட்டிய கழுத்தை இங்கேயும் ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன் என்றுதான் எனக்கே தோன்றியது.

திரும்பினேன். வராந்தாவின் கோடியில் ஒரு குழாய் இருந்தது. நோயாளிகளோடு வந்தவர்கள் பாட்டில், பக்கெட், பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் எந்த மதமானாலும் ஒன்று பொது. புறப்படும்போது எதிரே காலிக் குடம் வந்தால் வீட்டுக்குள் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். நிறைகுடம் வந்தால் நின்று வழிவிடுவார்கள்.

நான் போய் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, கொடத்துக்கு மூணு காது வெச்சிக்கிது?"

"ரெண்டு தூக்க. ஒண்ணு ஊத்த" என்றேன். அன்று வெளியாளிடம் நான் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"நல்லாத்தான் கீது. எங்க விக்கிது?"

குழாயில் நூல்போலத்தான் வந்தது. கழுத்து வரை நிரம்பும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு கைப்பிடியில் தூக்கி இடுப்பில் வைத்தேன். எத்தனையோ வருஷமாகச் சுமக்காத இடுப்பு தானாகச் சாய்ந்து இடம் கொடுத்தது. வராந்தாவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு வார்டுபாய் தள்ளுவண்டியைச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தினான்.

பச்சையம்மா ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். குடத்தின் வாயை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தளும்பியது. அவள் கை தானாகக் கீழே இறங்கியது.

"நெறகொடமா?" என்றாள். வாசலைவிட்டு ஒதுங்கினாள். "சரி போ. சிந்தாத போ."

சரோஜா மல்லாந்து படுத்திருந்தாள். எழுந்திருக்கக் கூடாது. தலையணையோரம் ஸ்டூலில் குடத்தை வைத்து, அவள் இருக்கும் பக்கத்தைத் திருப்பினேன். தலையை மட்டும் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"யார்டி இது, மொறைக்கிறா?"

"நீதான்."

"மூஞ்சி அந்தப் பக்கம் பாக்குது. கண்ணு மட்டும் ஏன் என்னப் பாக்குது?"

"அந்த ஊர்ல அப்படித்தான் வரைவாங்க."

"லாரிக்காரனப் பாத்து மொறைச்ச மொறைப்பு. சரியாத்தான் கீது." விரலை நீட்டிக் குடத்தின் அடிப்பக்கம் தடவினாள். முள்ளால் கீறிய பாதத்தைத் தேடுகிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. இடது பாதம், வலது பாதம், கொலுசு, அதற்குக் கீழே மாவிலை வரிசை.

"ரெண்டும் தரையில ஊணித்தான் கீது" என்றாள். "நல்லா நிக்கிறேன்டி."

நான் அவள் காலில் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நீ எங்க? உன்னியும் போட்டியா இல்லியா?"

குடத்தைத் திருப்பினேன். பஸ்ஸில் நடந்ததையெல்லாம் சொன்னேன். பூக்காரம்மா, மல்லிகை, தொடைக்கடியில் அடித்த போன் எல்லாம். சிரிக்கக் கூடாது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பச்சையம்மாகூட வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொடம் நிக்குது, ஆளக் காணம். நீ எப்பவுமே அப்பிடித்தான் ரெபே. இருந்துக்கினே இல்லாம இருப்ப. பாவம், உயிரோட கீற மனுசன சாவடிச்சிட்டு வந்துக்கிற."

சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. கையை நீட்டி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"காலையில என்ன உள்ள எட்துனு போறப்ப, நீ எதுர்ல வா. இத்தத் தூக்கிக்கினு வா."

டாக்டர்களும் நர்ஸுகளும் நடக்கிற வராந்தாவில், எல்லோரும் பார்க்க, குடம் சுமந்துகொண்டு எதிரே நடப்பது. கழுத்து ஆடுவதற்கு முன்னால் வாயால் சொன்னேன். "வரேன்."

அன்று வராந்தாவில் பச்சையம்மா விரித்த பாயில் அவளுக்குப் பக்கத்திலேயே படுத்தேன். எங்கள் வீட்டில் இப்போது குழாய் இருக்கிறது, திருப்பினால் வருகிறது. முதுகு போனபின் வந்த தண்ணீர். ஒன்றுமே தூக்காத நாட்களிலும் உடம்பு தூக்கிய அலுப்பிலேயே இருக்கிறது. சித்தூரிலும் அது அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலை குடத்தில் தண்ணீர் கசிந்து இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. குழாயில் பிடித்து நிரப்பினேன். ஒன்பது மணிக்குச் சரோஜாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நான் எதிரே நடந்தேன். பன்னிரண்டரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். இடது கால் பற்றி ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். குடத்தை அவள் தலையணையோரமே வைத்துவிட்டு, மூன்றரை மணி பஸ்ஸில் திருப்பதி வந்து, அங்கிருந்து நாகலாபுரம் போய்ச் சேர்ந்தேன்.